போதும் என்று சொன்ன வீடு

முவாரா வெத்தான், இந்திரமாயு
11 செப்டம்பர் 2005

என் தங்கச்சி வார்னிதிக்கு,

அல்லாஹ்வின் கருணையால் இங்கே மூன்று பேரும் மூச்சோடு இருக்கிறோம். தைவானில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் அதுபோல இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் கை விவினுடையது, வாய் என்னுடையது. நாலாம் வகுப்போடு நின்ற நான் எழுதினால் நீ படித்து முடிப்பதற்குள் உன் ஒப்பந்தமே முடிந்துவிடும்.

கேள் கூத்தை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருத்தலைவர் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். டவுன் பிள்ளை. சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் ஒரு கட்டுத் தாள். "யக்கா, தம்பி நாலு கேள்வி கேப்பாரு, பதில் சொல்லுங்க" என்று உட்காரவைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். எதற்கு வந்தாய் என்று கேட்பது நம் வழக்கமா? வந்தவனுக்கு முதலில் வயிறு, அப்புறம்தான் விஷயம். வீட்டில் இருந்ததோ கருவாடும் மிளகாய்த் துவையலும். அதை எந்த முகத்தோடு விருந்தாளி முன்னால் வைப்பது? கோழியை அறுக்கச் சொல்லிவிட்டேன்.

(சித்தி, அது என் கோழி. முட்டை விற்றுத்தான் பள்ளிக்கூட வேன் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லாததையும் எழுதிவிட்டேன். – விவின்)

நீ போன வருஷம் பணம் அனுப்பிப் போட்ட வெள்ளை டைல்ஸ் தரையைப் பார்த்துவிட்டு, அவன் செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றினான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மழை பெய்தால் பாயோடு மிதக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் இல்லையா நாம்! தரை என்ன, சுவர் என்ன, கரண்டு உண்டா என்று எழுதிக்கொண்டே சாப்பிட்டான். கோழித் தொடையைக் கடித்துக்கொண்டு கேட்கிறான், "வாரத்துக்கு எத்தன தடவ கறி சாப்புடுவீங்க?" என்று. நான் என்ன சொல்ல? தம்பி, உன் வாயில் இருப்பதுதான் போன பெருநாளுக்கு அப்புறம் நாங்கள் பார்க்கிற முதல் கோழி என்று சொன்னால் அவனுக்குத் தொண்டையில் இறங்குமா? "போதும் தம்பி, ஒரு குறையும் இல்ல" என்றேன். வருஷத்துக்கு எத்தனை புதுத்துணி? போதும். நோய் வந்தால் வைத்தியத்துக்கு? போதும். நம் அம்மா சாகக் கிடந்தபோதுகூடப் பார்க்க வந்தவர்களிடம் அதைத்தானே சொன்னாள்.

உன் அத்தான் கடலிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "ஏண்டி, பொண்ணு பாக்க வந்தவன்னு நெனச்சியா?" என்கிறார். விவினுக்குப் பதினாலு வயதுதான் என்று திட்டினேன். அவளுக்கு மருத்துவச்சி ஆக வேண்டுமாம், இன்னும் ஆறு வருஷம் படிக்க வேண்டுமாம். படிக்கட்டும். எண்ணெய் விலை ஏறப்போகிறது என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். எப்போதும் பேசுவதுதான்.

உன் அக்கா,
துர்சினா

*

தைச்சுங்
29 செப்டம்பர் 2005

அக்காவுக்கு,

பூங்காவில் பெரியவரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கைபேசியை எஜமானி வாங்கிப் பூட்டிவிட்டாள், அதனால் நமக்குக் கடிதம்தான் கதி. கோழிக் கதையைப் படித்து நான் சிரித்ததைப் பார்த்து, பாதி முகம் விழுந்த அந்தப் பெரியவரும் மீதிப் பாதியால் சிரித்தார்.

ஆனால் அக்கா, இங்கே நாற்காலி தள்ளிக்கொண்டு வரும் நம் ஊர்ப் பெண்களுக்கும் அதைப் படித்துக் காட்டினேன். லம்பூங் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அடிப்பாவி, ஒங்கக்கா வாயால கெட்டாடி!" என்றாள். எண்ணெய்க்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியத்தை வெட்டப்போகிறார்களாம். விலை எல்லாம் எகிறுமாம். அதற்கு ஈடாக ஏழை வீடுகளுக்கு மட்டும் ஓர் அட்டை கொடுத்து, தபாலாபீஸில் பணம் தருவார்களாம். அந்த ஏழை யார் என்று குறிக்கத்தான் உன் விருந்தாளி வந்திருக்கிறான். நீ அவனுக்கு ஏழையின் கோழியை அறுத்துப் போட்டுப் பணக்காரி என்று எழுத வைத்திருக்கிறாய்.

வெட்கத்தைத் தூக்கிப் போடு. இன்றைக்கே தெருத்தலைவரிடம் போய் உண்மையைச் சொல். விவின் கண்ணே, அம்மா போகமாட்டாள். நீ பிடித்துத் தள்ளு. உன் கோழிக்கு நான் அழுதேன் என்று வைத்துக்கொள்.

வார்னிதி

*

முவாரா வெத்தான்
23 அக்டோபர் 2005

தங்கச்சி வார்னிதிக்கு,

நோன்பு மாதம், பொய் சொல்லக்கூடாது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன், விவின் எழுதுகிறாள்.

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றாம் தேதி விடிந்தபோது எழுநூறு ரூப்பியாவுக்கு வாங்கிய ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் இரண்டாயிரம். டீசல் இரண்டு மடங்கு. நம் தெருவில் இரண்டாயிரத்துக்கும் கிடைக்கவில்லை. காலி கேனை வரிசையில் வைத்து, அதன்மேல் கல்லை வைத்து, வெயிலில் அரைநாள் நின்றால் கடைக்காரன் "தீந்துபோச்சு" என்று கதவைச் சாத்துகிறான். உன் அத்தான் இத்தனை நாள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்துதானே படகை ஓட்டினார். இப்போது எதில் எதைக் கலப்பது? கடலுக்குப் போய் வந்தால் பிடித்த மீன் எரித்த எண்ணெய்க்குக்கூடக் காணவில்லை. படகு கரையில் கிடக்கிறது. அவரும்தான்.

அட்டைப் பட்டியலை மசூதிச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு சாசினிக்கு உண்டு. கெட்டிக்காரி, மோட்டார் சைக்கிளை மாமியார் வீட்டுக்குத் தள்ளிவிட்டு, வந்த பையனுக்கு வெறும் கிழங்கை வைத்தாளாம். மூன்று மாதத்துக்கு மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு வந்து, "ஒனக்கு எதுக்குடி இது, மினுமினுன்னு தரை போட்டவளுக்கு?" என்கிறாள். நான் தெருத்தலைவரிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். "யக்கா, நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் போதும்னு நீங்களே சொல்லிட்டீங்க. வெள்ளத் தரை, கோழிக்கறின்னு அவன் எழுதிட்டுப் போயிட்டான். அடுத்த தடவ வருவாங்க, அப்ப அழுவுங்க" என்றார். அழுவதற்கும் முறை வைத்திருக்கிறார்கள், பார்.

கொல்லையில் விறகு அடுப்பு மூட்டியிருக்கிறேன். எல்லோரும் வெட்டி வெட்டி அலையாத்தி மரமும் தீர்ந்துவிட்டது. வேன்காரன் கட்டணத்தை ஏற்றிவிட்டான். விவின் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு நடக்கிறாள், ஏழு கிலோமீட்டர்.

(சித்தி, நடப்பது கஷ்டமில்லை. முதல் பாடம்தான் போய்விடுகிறது, அது கணக்கு. – விவின்)

வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு காஸ்வாத் பெருநாள் பிஸ்கட் டப்பாவோடு வந்திருந்தார். விவினைப் பார்த்து, "அடேயப்பா, வளந்துட்டாளே" என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, வாங்கி வைத்தேன்.

அக்கா துர்சினா

*

தைச்சுங்
14 நவம்பர் 2005

அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து. நான் செய்த பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள். புது ஒப்பந்தம் போட்டதால் பிப்ரவரி வரை என் சம்பளத்தில் பெரும்பங்கு ஏஜென்சி பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன். அது விவினின் வேனுக்கு, வேறு எதற்கும் இல்லை. பிப்ரவரிக்கு அப்புறம் அவள் படிப்பு என் பொறுப்பு. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

விவின், நீதான் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பாய். இங்கே நிறுத்து கண்ணே. தாளை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போ. அவள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளட்டும்.

அக்கா, காஸ்வாத்தை வாசல்படி ஏறவிடாதே. அந்த பிஸ்கட்டை நாய்க்குப் போடு.

இவ்வளவு வருஷம் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயதில், தாளில் இருபத்திரண்டு என்று எழுதிப் பாலைவன நாட்டுக்கு அனுப்பினீர்கள். அந்த வீட்டில் நான் படுத்த சமையலறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. வீட்டில் ஆண்கள் மூன்று பேர். இதற்குமேல் எழுதமாட்டேன். நீ பெண், உனக்குப் புரியும். இரண்டு வருஷம் அக்கா. மாதம் ஒரு கடிதம் எழுத விடுவார்கள், எழுதியதைப் படித்துவிட்டு ஒட்டுவார்கள். நான் என்ன எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? "நலமாக இருக்கிறேன், சாப்பாடு போதும்." அப்பா அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினார் என்று நீயே பிறகு சொன்னாய்.

உன் கல்யாணப் பந்தல் நான் போகும்போது ஏஜெண்டு கொடுத்த முன்பணத்தில் போட்டது. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கும் அப்போது பத்தொன்பதுதான், ஒன்றும் தெரியாது. இனிமேல் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

வார்னிதி

*

முவாரா வெத்தான்
25 நவம்பர் 2005

வார்னிதி,

இது என் கை. சிரிக்காதே. ஒரு வரி எழுத ஒரு பானை சோறு வெந்துவிடுகிறது.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. பெருநாளுக்கு விறகு இல்லை. உன் அத்தான் படகின் பக்கப் பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டார். பெயிண்ட் பலகை. பச்சையாக எரிந்தது. சோற்றில் எல்லாம் அந்த நாற்றம். எஞ்சினை அதற்கு முன்பே விற்றுவிட்டோம்.

என் கை ஏன் எழுதுகிறது என்று கேட்பாய். விவின் பதினெட்டாம் தேதி போய்விட்டாள். ஜகார்த்தாவில் பயிற்சி விடுதி. காஸ்வாத் கூட்டிப் போனார். தாளில் இருபத்தொன்று. நீ முதலில் போன நாடுதான். உனக்கு நல்லபடியாக இருந்ததே என்று தைரியம்.

நான் அனுப்பவில்லை. அவளே வந்து சொன்னாள். "அம்மா, அப்பா என் முகத்தப் பாத்தே பேச மாட்டேங்குறாரு. ரெண்டே வருஷம். வந்து படிச்சுக்கிறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். திட்டி எழுது. ஆனால் எழுது.

துர்சினா

*

தைச்சுங்
12 டிசம்பர் 2005

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உறையைப் பிரிக்கவே பயந்தேன்.

திட்ட நேரமில்லை. பயிற்சி விடுதியில் இரண்டு மூன்று மாதம் வைத்திருப்பார்கள். அவள் இன்னும் அங்கேதான் இருப்பாள். பஸ் ஏறிப் போ. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ. பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட அட்டையையும் கொண்டு போ. "எம்பொண்ணுக்குப் பதினாலு வயசு, விடுங்க"ன்னு சத்தம் போடு. வாசலில் உட்கார்ந்து கத்து. காஸ்வாத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய முன்பணத்தை இங்கே தோழிகளிடம் திரட்டி அனுப்பியிருக்கிறேன். அங்கே போய் "பரவாயில்ல, போதும்"னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மரியாதை இல்லாத பொம்பளையாக இரு.

என் போன மாதக் கடிதம் வந்திருக்கும். படித்தாயா? முழுக்கப் படித்தாயா?

வார்னிதி

*

முவாரா வெத்தான்
8 ஜனவரி 2006

வார்னிதி,

முழுக்கப் படித்தேன். நவம்பர் கடிதம் டிசம்பர் ஐந்தாம் தேதி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. தாழ்ப்பாள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று.

படித்த அன்றே ஏன் ஓடவில்லை என்று கேட்பாய். பஸ் காசு இல்லை. பஸ் கட்டணமும் எண்ணெயோடு ஏறிவிட்டது. நீ வேனுக்கு அனுப்பிய பணத்தில் அரிசி வாங்கிவிட்டிருந்தோம். சாசினியிடம் கேட்டேன். அவள் அட்டைப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவளைப் பேசிய பேச்செல்லாம் என் வாயிலேயே கசந்தது.

பதிமூன்றாம் தேதி போய்ச் சேர்ந்தோம். நீ சொன்னதெல்லாம் செய்தேன். உன் டிசம்பர் கடிதம் வரும் முன்பே செய்தேன். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். காவல்காரன் உன் அத்தானைப் பிடித்துத் தள்ளினான். கடைசியில் ஒரு பெண் வந்து நோட்டைப் புரட்டினாள். "ஒன்பதாந் தேதியே பிளேன் ஏறிடுச்சு, அவசரமா ஆள் கேட்டாங்க" என்றாள். நாலு நாள் வார்னிதி. நாலே நாள்.

காஸ்வாத் விலாசம் தரமாட்டேன் என்கிறான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். தாளில் இருபத்தொன்று என்று இருக்கிறதே, கீழே அப்பா கைநாட்டும் இருக்கிறதே என்றார்கள். உன் அத்தான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே வந்தார், பஸ் முழுக்க.

நீ வீடு திரும்பி வந்த வருஷம் யாரையும் தொடவிடமாட்டாய். நான் திமிர் என்று நினைத்தேன். பொறுத்துக்கொள்.

துர்சினா

*

முவாரா வெத்தான்
19 மார்ச் 2006

வார்னிதி,

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. பிப்ரவரியில் போட்டதற்கும் இல்லை. மணியார்டர் வந்தது. சேதி எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன்.

விட்டுப்போனவர்களைக் கணக்கெடுக்க மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வேறு பையன். முன்னறைத் தரையை அதற்கு முன்பே பெயர்த்து விற்றுவிட்டோம். உன்னிடம் கேட்கவில்லை. இப்போது மண்தான். வெறும் தண்ணீர் கொடுத்தேன். கறி கேட்டான். வருஷத்துக்கு ஒரு நாள் என்றேன். எல்லாம் உண்மை சொன்னேன். கடைசியாக, "வெளிநாட்டுல புள்ளைங்க யாராச்சும் வேல பாக்குறாங்களா? இருந்தா அட்டை கெடைக்காதும்மா" என்றான். சுவரில் விவினின் பள்ளிக்கூடப் போட்டோ மாட்டியிருந்தது இல்லையா. அவன் வருகிறான் என்றதும் அதைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டுவிட்டேன்.

"எங்களுக்குப் புள்ளையே இல்ல தம்பி" என்றேன்.

உன் அத்தான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அட்டை வந்துவிட்டது. வீட்டில் ஆட்கள் இரண்டு என்று அச்சடித்திருக்கிறது. முதலில் இல்லாமையை மறைத்துக் கெட்டேன். இப்போது பெற்றதை மறைத்துச் சாப்பிடுகிறேன். எனக்கு நரகம் உண்டென்றால் அது இந்த அட்டையோடுதான்.

நேற்று விவினிடமிருந்து முதல் கடிதம் வந்தது. விலாசம் இல்லை. உறை பிரித்து ஒட்டியது போல இருக்கிறது. தபால்காரர் வாசலில் சொல்லிக்கொண்டே வந்ததால் சாசினி, தெருத்தலைவர், எல்லோரும் கூடிவிட்டார்கள். "படிங்கக்கா, புள்ள என்ன எழுதியிருக்கு?" என்று. நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். நம் வீட்டில் ஆட்கள் வந்து நிற்கும்போது நான் கதவைச் சாத்தியது இதுதான் முதல் தடவை.

அதை உனக்கு இங்கே பார்த்து எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, விவின் நலமாக இருக்கிறேன். வீடு பெரியது. சாப்பாடு போதும். தூக்கம் போதும். சித்திக்கு என் ஸலாம்."

இவ்வளவுதான். கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

என்மேல் உள்ள கோபம் இருக்கட்டும். அது உன் உரிமை. அடுத்த மணியார்டரில் அந்தக் கட்டத்தில் ஒரு வரி மட்டும் எழுது. அவள் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். என் பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சொல்.

துர்சினா